புதிதாக லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் வைஃபை வரவில்லை. எந்த டிரைவரைப் போடுவது?

8 ஜனவரி 2023, இரவு

அக்கா மகளின் மடிக்கணினியில் இன்று லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11 போட்டேன். திரை, ஒலி, தொடுபலகை, தமிழ்99 எல்லாம் கேட்காமலே வந்துவிட்டன. வைஃபை மட்டும் வரவில்லை. வலைப்பின்னல் பட்டியலைத் திறந்தால் வைஃபை என்ற வரியே கிடையாது.

கார்டு ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ. கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை தரும் அடையாள எண் 10இசி:சி821. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, 5.10. பழைய கணினியாக வாங்கியது, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் திறந்து வேலைக்குத் தயாராவதற்குள் அவள் குளித்துச் சாப்பிட்டுவிட்டே வந்துவிடலாம் என்ற நிலை. அதனால்தான் லினக்ஸுக்கு மாற்றினோம். 18ஆம் தேதி திருச்சியில் விடுதிக்குத் திரும்புகிறாள். அங்கே வைஃபை இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

என் அச்சகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக டெபியன்தான். ஆனால் அங்கே எல்லாமே கம்பி இணைப்பு. வைஃபை கார்டோடு மல்லுக்கட்டி வெகுகாலம் ஆகிறது. கேள்வி இதுதான்: இந்தக் கார்டுக்கு எந்த டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள் எது? இந்த மெல்லிய கணினியில் லேன் கம்பி செருகத் துளைகூட இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும்.

9 ஜனவரி, காலை

முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதைத் தொட்டேன். இரண்டே நொடியில் கணினியில் ‘கம்பி இணைப்பு’ என்று வந்து நின்றது. இதற்குத் தனி டிரைவர் வேண்டாம். கைப்பேசியை ஒரு லேன் கார்டாகப் பார்ப்பதற்கு வேண்டியது கெர்னலிலேயே இருக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று: ஆண்டிராய்டு கைப்பேசி வீட்டு வைஃபையில் இருக்கும்போதே டெதரிங் செய்தால், கணினிக்குப் போவது அந்த வைஃபை இணையம்தான். மொபைல் டேட்டா கரையாது. இன்னொன்று, கம்பியைப் பார்த்து எடுங்கள். சில மலிவான கம்பிகளில் மின்சாரத்துக்கான இழை மட்டும் இருக்கும், தரவுக்கான இழை இருக்காது. நான் முதலில் எடுத்தது அப்படிப்பட்ட கம்பி. அரை மணி நேரம் அதில் போயிற்று.

10 ஜனவரி, நள்ளிரவு தாண்டி

தேடிய இடமெல்லாம் ஒரே யோசனை: கெர்னலுக்கு வெளியே யாரோ பராமரிக்கும் டிரைவரின் மூல நிரலை இறக்கி, நாமே தொகுத்துக்கொள்ள (இயங்கும் கோப்பாக மாற்றிக்கொள்ள) வேண்டும். அதையே செய்தேன்.

முதல் முயற்சி முதல் வரியிலேயே நின்றது. டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகள், அதாவது மாட்யூல்கள், இருக்கும் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் ‘பில்ட்’ என்று ஒன்று இல்லை என்றது. கெர்னல் ஹெடர்கள் (டிரைவரைத் தொகுக்கத் தேவையான கெர்னல் கோப்புகள்) போடப்படவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. ஹெடரின் பதிப்பு, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்போடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். யூநேம் -ஆர் கொடுத்தால் 5.10.0-20-ஏஎம்டி64 என்று வந்தது. அதே எண்ணுள்ள ஹெடரையும், தொகுப்புக் கருவிகள் உள்ள பில்ட்-எசென்ஷியல் பொதியையும் போட்டு மீண்டும் ஓட்டினேன். நாலைந்து நிமிடம் வரிவரியாக ஓடியது. எச்சரிக்கைகள் ஏராளம், பிழை இல்லை. கெர்னலோடு வரும் ஆர்டிடபிள்யூ88_8821சிஇ என்ற மாட்யூல் குறுக்கே வரக்கூடாது என்று குறிப்பில் இருந்தது. அதன்படி, மாட்யூல்களை எப்படி ஏற்றுவது என்ற அமைப்புகள் இருக்கும் மோட்புரோப்.டி கோப்புறையில் ஒரு தடைக் கோப்பும் எழுதி வைத்தேன்.

மாட்யூலை ஏற்றப் போனால் ‘அனுமதி இல்லை’. ரூட்டாக, முழு அதிகாரமுள்ள பயனராக, இருந்து கொடுத்தும் அனுமதி இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் காரணம் கிடைத்தது: கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்றத் தடை. செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் டெபியனின் கெர்னல், தனக்குத் தெரிந்த கையொப்பம் உள்ள மாட்யூலை மட்டுமே உள்ளே விடும். என் வீட்டுத் திண்ணையில் தொகுத்த டிரைவருக்கு யார் கையொப்பமிட்டார்கள்? கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன்.

வைஃபை வந்துவிட்டது. இதே கார்டு வைத்திருப்பவர்கள் இப்படியே செய்யலாம்.

(6 பிப்ரவரி அன்று சேர்த்தது: செய்ய வேண்டாம். இந்தக் குறிப்பை அழிக்காமல் விட்டிருப்பது, தவறு எங்கே தொடங்கியது என்று தெரிவதற்காக. 30 ஜனவரி முதல் படியுங்கள்.)

11 ஜனவரி

ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் தெரிகிறது. அக்கா மகள் மொட்டை மாடியில் உட்கார்ந்து பைதான் பாடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

17 ஜனவரி, காணும் பொங்கல்

கடையெல்லாம் மூடியிருக்கிறது. பழையதை எழுத நேரம் கிடைத்தது.

2008இல் எனக்கு முதல் மடிக்கணினி வந்தது. உபுண்டு 8.04 போட்டேன். அன்றும் இதே கதைதான். அன்று நாங்கள் பிடித்துக்கொண்ட கொழுகொம்பு என்டிஐஎஸ்ரேப்பர். விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட டிரைவரின் .ஐஎன்எஃப், .எஸ்ஒய்எஸ் கோப்புகளைக் குறுந்தகட்டிலிருந்து எடுத்து லினக்ஸுக்குக் கொடுத்தால், இது விண்டோஸ்தான் என்று அந்த டிரைவரை நம்பவைத்து ஓட்டும். ஓடும், ஆனால் கணினியை உறங்கவைத்து எழுப்பினால் முழுவதும் உறைந்துபோகும். அதையும் பெரிய பாக்கியமாக எண்ணினோம்.

அதே ஆண்டு ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் பி43 டிரைவர் சேர்ந்தது. பிராட்காம் சில்லுகளுக்கானது. சில்லின் விவரக்குறிப்பு கையில் இல்லாமலே எழுதப்பட்ட டிரைவர் அது. ஒரு குழு, இருந்த டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்பதை வாக்கியங்களாக எழுதி வைத்தது. அந்த மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, வாக்கியங்களை மட்டும் படித்து டிரைவரை எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வரக்கூடாது என்பதற்காக இத்தனை கட்டுப்பாடு. பின்னர் 2010 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் புதிய சில்லுகளுக்குத் திறமூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது; அச்சகத்தில் இருந்த இருவரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. இருந்தாலும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பி43க்கும் ஒன்று குறைந்தது. சில்லுக்குள் போக வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரைப் பிராட்காமின் மூடிய டிரைவரிலிருந்து வெட்டி எடுக்க பி43-எஃப்டபிள்யூகட்டர் என்று தனிக் கருவி வைத்திருந்தார்கள். டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு என்று அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

29 ஜனவரி, ஞாயிறு

காலையில் விடுதியிலிருந்து அழைப்பு.

“மாமா, வைஃபை போய்விட்டது. நாளை அசைன்மென்ட் அனுப்ப வேண்டும்.”

“என்ன செய்தாயம்மா? ஏதாவது போட்டாயா?”

“நான் ஒன்றும் செய்யவில்லை மாமா. அப்டேட் கேட்டது. கொடுத்தேன். திரும்பப் போட்டால் இல்லை.”

கெர்னல் மாறியிருக்கிறது என்று அப்போதே தோன்றியது. யூநேம் -ஆர் அடிக்கச் சொன்னேன். 5.10.0-21. நான் தொகுத்த டிரைவர் 5.10.0-20க்கு உரியது, அந்தக் கெர்னலின் கோப்புறையில்தான் கிடக்கிறது. புதிய கெர்னலுக்கு அப்படி ஒரு டிரைவர் இருப்பதே தெரியாது.

கணினியை மறுபடி தொடங்கி, தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ‘மேம்பட்ட விருப்பங்கள்’ உள்ளே போய், பழைய -20 கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வைஃபை வந்தது. அசைன்மென்ட் போயிற்று. ஆனால் இது நாளைக் கடத்துவதுதான். பாதுகாப்புக்காக வந்த திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய கெர்னலிலேயே ஒரு மாணவியை உட்காரவைப்பது சரியல்ல.

29 ஜனவரி, இரவு

டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டிருந்தால் கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர் தானே மறுபடி தொகுக்கப்பட்டிருக்கும். அடுத்த வாரம் அவள் வரும்போது அப்படி மாற்றிவிடுகிறேன். ஹெடர்களும் கெர்னலோடு சேர்ந்து தானாகவே புதுப்பிக்கப்பட, எண் இல்லாத லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 பொதியைப் போட வேண்டும்.

30 ஜனவரி

டிகேஎம்எஸ் பற்றி நேற்று எழுதியதில் தவறில்லை. ஆனால் இந்தக் கணினிக்கு அது தேவையே இல்லை.

நேற்று அவள் அனுப்பிய படங்களை இன்று மதியம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று கொடுத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே இரண்டு வரிகள் வரும். ஒன்று ‘பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்’. மற்றொன்று ‘கெர்னல் மாட்யூல்கள்’. அவள் படத்தில் முதல் வரி இல்லை. இரண்டாவது வரி இருக்கிறது: ஆர்டிடபிள்யூ88_8821சிஇ.

உடனே என் கைப்பேசியில் 8ஆம் தேதி எடுத்த படத்தைத் தேடினேன். அதிலும் அதே நிலை. முதல் வரி இல்லை, இரண்டாவது வரி இருக்கிறது. முதல் வரி இல்லாததைப் பார்த்து டிரைவரே இல்லை என்று முடிவு கட்டி, இரண்டாவது வரியைப் படிக்காமலே விட்டிருக்கிறேன். ‘பயன்பாட்டில் உள்ள’ வரி இல்லை என்றால் டிரைவர் வேலை செய்யவில்லை என்றுதான் பொருள். ‘மாட்யூல்கள்’ வரி இருந்தால், டிரைவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஏதோ ஒன்று இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லை என்று பொருள். இரண்டு வரியுமே இல்லாதபோதுதான் வெளியே தேடிப் போக வேண்டும்.

இந்தக் கார்டுக்கான டிரைவர் 5.9 கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. டெபியன் 11இல் இருப்பது 5.10. நான் படித்த குறிப்புகள் எல்லாம் 5.4 காலத்தவை. அன்றைக்கு அவை சரி. அவற்றை எழுதியவர்கள் இரவு பகலாக உழைத்திருக்கிறார்கள். படித்த நான்தான் தேதியைப் பார்க்கவில்லை.

30 ஜனவரி, இரவு

எது இல்லாமல் எழுந்து நிற்கவில்லை என்பதற்கும் விடை 8ஆம் தேதிப் படத்திலேயே இருந்தது. டிமெஸ்ஜி வரி ஒன்றை அன்று படம் பிடித்திருக்கிறேன்:

ஆர்டிடபிள்யூ_8821சிஇ 0000:02:00.0: ஃபர்ம்வேர்: ஆர்டிடபிள்யூ88/ஆர்டிடபிள்யூ8821சி_எஃப்டபிள்யூ.பின் ஏற்ற முடியவில்லை (-2)

அந்த -2 தான் எல்லாம். லினக்ஸில் பிழை எண் 2 என்றால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’. கார்டு கெட்டுப்போகவில்லை, டிரைவர் பழுதில்லை, ஒரு கோப்பு இல்லை. இருநூறு கேபிகூட இல்லாத ஒரே ஒரு கோப்பு.

நிறுவும்போதே டெபியன் இதைச் சொன்னது என்பதும் இப்போது நினைவுக்கு வருகிறது. ‘உங்கள் வன்பொருள் சில இயங்குவதற்குக் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் கோப்புகள் தேவை’ என்று ஒரு திரை. அதன் கீழே இதே கோப்பின் பெயர். வேறு பென்டிரைவ் இருந்தால் செருகவும் என்ற கேள்வி. கையில் எதுவும் இல்லாததால் ‘இல்லை’ கொடுத்துவிட்டுப் போனேன். தேவையான கோப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து சொன்ன திரை அது. ஒரு படம் எடுத்திருந்தால் இந்த மூன்று வாரமும் மிச்சம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று அக்கா மகள் கேட்டாள். நான் சொன்னது: வைஃபை கார்டுக்குள் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. அதற்கும் செயலி உண்டு, நினைவகம் உண்டு. ஆனால் மின்சாரம் வந்ததும் அந்த நினைவகம் வெறுமையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் நம் டிரைவர் வட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அதற்குள் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகுதான் அது பேசத் தொடங்கும். டிரைவர் நம் பக்கத்து ஆள். ஃபர்ம்வேர் கார்டின் பக்கத்து ஆள்.

“அப்படியென்றால் தினமும் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா மாமா?” என்றாள். ஆமாம், தினமும்.

5 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று வந்துவிட்டாள். இன்று காலை செய்தது:

டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் ஏபிடியின் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, ‘மெயின்’ என்று முடிந்த வரிகளில் ‘கான்ட்ரிப் நான்-ஃப்ரீ’ சேர்த்தேன் (நான்-ஃப்ரீ என்பது கட்டற்றதல்லாத பொதிகள் இருக்கும் பகுதி). கைப்பேசி டெதரிங்கில் ஏபிடி அப்டேட், பிறகு ஃபர்ம்வேர்-ரியல்டெக் பொதியை நிறுவினேன். நான் கையால் தொகுத்துப் போட்ட டிரைவரை -20 கெர்னலின் கோப்புறையிலிருந்து நீக்கி, மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்க டெப்மோட் கொடுத்தேன். மறுதொடக்கம்.

வைஃபை இல்லை.

5 பிப்ரவரி, மதியம்

டிமெஸ்ஜியில் -2 வரவில்லை. ஆர்டிடபிள்யூ என்ற பேச்சே இல்லை. யாரும் அந்த மாட்யூலைக் கூப்பிடவில்லை என்று பொருள். மோட்புரோப் கொடுத்துக் கையால் ஏற்றினால் உடனே வைஃபை வருகிறது. மறுதொடக்கம் செய்தால் மீண்டும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. 10ஆம் தேதி நானே எழுதி வைத்த தடைக் கோப்பு. கெர்னலின் சொந்த டிரைவரை உள்ளே விடாதே என்று என் கையால் எழுதிய ஒற்றை வரி. அது மோட்புரோப்.டி கோப்புறையில் அப்படியே இருந்தது. தடைப்பட்டியல், தானாக ஏற்றுவதைத்தான் தடுக்கும். பெயர் சொல்லிக் கையால் ஏற்றினால் தடுக்காது. அதனால்தான் மோட்புரோப் கொடுத்தபோது ஏறியது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்தக் கோப்பை அழித்தேன். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கொடுத்தேன், அந்த வரியின் நகல், கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் தொடக்கப் படிமத்திலும் இருந்திருக்கக்கூடும் என்பதால். மறுதொடக்கம். பட்டியலில் தெருவிலுள்ள வீடுகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து, “தம்பி, சோறு ஆறிப்போகிறது” என்றாள். ஆறட்டும் அக்கா என்றேன்.

6 பிப்ரவரி

செக்யூர் பூட்டை மறுபடி போட்டுவிட்டேன். வைஃபை அப்படியே வேலை செய்கிறது. கெர்னலோடு வரும் டிரைவர் டெபியனின் கையொப்பத்தோடு வருகிறது. அதற்கு ஒரு தடையும் இல்லை. கையொப்பம், ஹெடர், தொகுப்பு, டிகேஎம்எஸ் என்று நான் அலைந்த அத்தனையும், தேவையில்லாத டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்ததால் பின்னாலேயே வந்தவை.

10ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்து யாராவது செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் தயவுசெய்து மீண்டும் போடுங்கள். உண்மையிலேயே வெளி டிரைவர் தேவைப்படும் கார்டாக இருந்தாலும் அணைக்க வேண்டியதில்லை. மோக்யூட்டில் என்ற கருவியால் உங்கள் சொந்தச் சாவியைக் கணினியில் பதிந்துகொள்ளலாம். பதிவு கேட்டதும் ஒரு கடவுச்சொல் கொடுப்பீர்கள். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து அதே கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தத் திரையைப் பார்த்துப் பயந்து ‘தொடர்க’ என்று அழுத்திவிட்டால் பதிவு நடக்காது. ‘என்ரோல் எம்ஓகே’ (உங்கள் சாவியைப் பதிதல்) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்தச் சாவியால் மாட்யூலுக்குக் கையொப்பமிட்டால் கெர்னல் ஏற்கும்.

19 பிப்ரவரி

விடுதியில் ஒரு குறை. இணைப்பு இருக்கிறது, ஆனால் சற்று நேரம் எதுவும் செய்யாமல் விட்டால் அறுந்துபோகிறது, அல்லது பக்கம் திறக்க மிகவும் தாமதமாகிறது. இது கார்டு தூங்கப் போவதன் வேலை. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது, எழுந்து வர நேரம் எடுக்கிறது.

மோட்புரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். ஒன்று ஆர்டிடபிள்யூ88_கோர் மாட்யூலுக்கு டிசேபிள்_எல்பிஎஸ்_டீப்=ஒய். மற்றொன்று ஆர்டிடபிள்யூ88_பிசிஐ மாட்யூலுக்கு டிசேபிள்_ஏஎஸ்பிஎம்=ஒய். இடையே இருப்பவை அடிக்கோடுகள். எல்லாம் சிறிய எழுத்து, கடைசி ஒய் உட்பட. முதலில் ஒரு வரியை மட்டும் போட்டுப் பார், சரியானால் இரண்டாவது வேண்டாம் என்றேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது மருந்து என்றே தெரியாமல் போகும். முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

26 பிப்ரவரி

விடுதியின் மாடி ரவுட்டர் அவள் கைப்பேசியில் தெரிகிறது, கணினியில் தெரியவில்லை. கீழ்த்தளத்து ரவுட்டர் இரண்டிலும் தெரிகிறது.

ஐடபிள்யூ ரெக் கெட் என்று கொடுக்கச் சொன்னேன். நாடு: யுஎஸ். அதுவும் என் வேலைதான். ஜனவரியில் ஏதோ ஒரு பழைய குறிப்பைப் பார்த்து நாட்டுக் குறியீட்டை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்காவில் 11ஆம் சேனல் வரைதான் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் 13 வரை உண்டு. மாடி ரவுட்டர் 13இல் இருக்கிறது. ஐஎன் என்று மாற்றியதும் தெரிந்தது.

அந்த மோட்புரோப்.டி கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒன்றுவிடாமல் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். ஜனவரி 10 இரவில் நான் எழுதியது இனி அதில் எதுவும் இல்லை.

18 ஜூன்

டெபியன் 12 இம்மாதம் 10ஆம் தேதி வெளியாகிவிட்டது. கோடை விடுமுறையில் வந்திருந்தவளின் கணினியை நேற்று அதற்கு உயர்த்தினோம். கெர்னல் 6.1. வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உயர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபர்ம்வேர் பொதிகள் நான்-ஃப்ரீயிலிருந்து பிரிந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பகுதிக்குப் போய்விட்டன. சோர்சஸ்.லிஸ்ட் வரிகளில் அந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் பழைய ஃபர்ம்வேரே தங்கிவிடும். வைஃபை ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் குறை கண்ணில் படாது.

புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இனி என் கதை இல்லை. 12இன் அதிகாரபூர்வ நிறுவல் படிமத்திலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. தேவை என்று கண்டால் தானே எடுத்துக்கொள்கிறது. 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து எடுத்த முடிவு. இதற்காகத் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள்.

அந்த வாக்கெடுப்பு நடந்தபோது நான் மனத்தளவில் எதிர்ப்பக்கம் இருந்தேன். மூல நிரல் இல்லாத ஒரு கோப்பை, யாரும் திறந்து பார்க்க முடியாத ஒன்றை, டெபியன் தன் கையால் ஏன் தர வேண்டும்? அது நுழைந்தால் பிறகு எது வேண்டுமானாலும் நுழையும் என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. ஜனவரியில் அந்தக் கோப்பு படிமத்தில் இல்லாததால் நான் என்ன செய்தேன்? யாரும் பொறுப்பேற்காத மூல நிரலை இறக்கி, படித்துப் பார்க்காமலே தொகுத்து, அதற்காகச் செக்யூர் பூட்டையும் அணைத்து, ஒரு மாணவியிடம் கொடுத்து அனுப்பினேன். தூய்மையைக் காக்கிறோம் என்ற எண்ணம் கடைசியில் அவளைக் கூடுதல் ஆபத்தில்தான் வைத்தது.

மூடிய கோப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. அந்தக் குட்டிக் கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஒருநாள் வழி வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் அந்தச் சண்டையை இணையம் கிடைக்காத ஒரு பெண்ணின் தலையில் வைத்துப் போடக்கூடாது.

18 ஜூன், இரவு

மேலே சொல்ல விட்டது. ஃபர்ம்வேர் வந்துவிட்டது என்பதால் எல்லாக் கார்டும் வந்துவிடாது. டிரைவரே மூடியதாக இருக்கும் கார்டுகள் உண்டு. உதாரணமாக பிராட்காம் பிசிஎம்43142. அதற்கு வேண்டியது பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் பொதி. அது டிரைவர் என்பதால் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரில் இல்லை. பழைய நான்-ஃப்ரீயிலேயே இருக்கிறது. அந்தக் கார்டு உள்ளவர்களுக்கு ஹெடரும் வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் எம்ஓகே சாவியும் வேண்டும். நான் அலைந்த வழி அவர்களுக்கு உண்மையிலேயே தேவையான வழி.

13 ஆகஸ்ட், ஞாயிறு

விடுதியிலிருந்து அழைப்பு. மனம் திக்கென்றது.

“மாமா, என்னுடையது நன்றாக இருக்கிறது. பக்கத்து அறைத் தோழிக்கு லினக்ஸ் போட்டேன். அவளுக்கு வைஃபை வரவில்லை.”

“எல்எஸ்பிசிஐ பார்த்தாயா?”

“பார்த்தேன். இரண்டு வரியும் இருக்கிறது. டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது. டிமெஸ்ஜியில் -2 தேடினேன், இல்லை. மோட்புரோப்.டியையும் பார்த்துவிட்டேன் மாமா, அதில் தடை எதுவும் இல்லை.”

நான் சொல்ல இருந்த எல்லாவற்றையும் அவளே செய்து முடித்திருந்தாள். வைஃபை தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட் கொடுத்துப் பார் என்றேன். சாஃப்ட் பிளாக்ட்: நோ. ஹார்ட் பிளாக்ட்: யெஸ்.

மென்பொருள் தடை என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் கொடுத்து நீக்கிவிடலாம். வன்பொருள் தடையை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது. பொத்தானோ சுவிட்சோ கணினியின் உடம்பில் இருக்க வேண்டும். எஃப் வரிசையில் விமானப் படம் உள்ள விசை இருக்கிறதா என்று கேட்டேன். அழுத்தியும் மாறவில்லை என்றாள். பழைய கணினியா? ஆமாம், அவளுடைய அண்ணனுடையது. அப்படியானால் முன் விளிம்பைத் தடவிப் பார், நகத்தால் தள்ளும் அளவுக்குச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்றேன்.

கணினியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

“இருக்கிறது மாமா. ஹெட்போன் துளைக்குப் பக்கத்தில். தூசி அடைந்து கிடக்கிறது. தள்ளிவிட்டேன்.”

“ஆர்எஃப்கில் மறுபடி பார்.”

“நோ, நோ. இரண்டும் நோ. ரவுட்டர் பெயர் வருகிறது மாமா.”